கைக்கெட்டிய நிறங்கள்

நூலின் நிறத்தை 'ஷேடு' என்று சொல்லும் அந்த எம்ப்ராய்டரி பட்டறையில் அவளை எல்லோரும் ஷேடக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளிக்கு மட்டும் 'ஏம்மா'. சேர்ந்த புதிதில் அவளுக்குக் கொடுத்த வேலை, மெஷினிலிருந்து இறங்கும் துணியில் தொங்கும் நூல் பிசிறுகளைக் கத்திரியால் நறுக்குவது. கை நறுக்கிக்கொண்டிருக்கும், வாய் சும்மா இருக்காது. "இந்தப் பச்சையை இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்கலாம்", "கறுப்புக் கோட்டை எடுத்துட்டுக் கரும்பழுப்பு போட்டா பூவோட மூஞ்சி தெளியும்" என்று தனக்குத்தானே விமர்சனம் நடத்திக்கொண்டிருப்பாள். ஒருநாள் முதலாளி பின்னால் நின்று முழுவதையும் கேட்டுவிட்டார்.

"இவ்வளவு பேசுறியே, நீயே நூல் எடுத்துக் குடு பாக்கலாம்."

கோபமாகத்தான் சொன்னார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அந்தத் துணி மெஷினிலிருந்து இறங்கியபோது முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். அன்றோடு கத்திரி வேறு ஆளிடம் போயிற்று. எந்த டிசைனுக்கு எந்த நிற நூல் என்று முடிவு செய்வது அவள் பொறுப்பாயிற்று.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். டியூப்லைட் வெளிச்சத்தை நம்ப மாட்டாள். நூல் கோனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுவாள். கோனில் மொத்தமாகச் சுற்றியிருக்கும் நூல் எப்போதும் அடர்த்தியாகத்தான் தெரியும். ஓர் இழையை உருவித் துணிமேல் போட்டால்தான் அதன் சாயம் வெளுக்கும் என்பாள். ஓர் இலைக்கு மூன்று பச்சை வேண்டுமென்றால் நடுப்பச்சையை முதலில் பிடிப்பாள். அது சரியாக அமைந்துவிட்டால் மேலும் கீழும் தானாக வந்து உட்காரும். நிறம் திருடுவதில் அவளுக்கு வெட்கமே கிடையாது. வெங்காயத் தோலின் உட்புறம், துருப்பிடித்த கேட், மழைத்தண்ணீரில் மிதக்கும் பெட்ரோல், சிவப்புக் குடை பிடித்துப் போகிற பெண்ணின் கன்னத்தில் விழும் வெளிச்சம் என்று பார்த்த இடத்திலெல்லாம் கை வைப்பாள். பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் சட்டைக் காலரையே உற்றுப் பார்த்து, அவர் திரும்பி முறைத்த கதைகளும் உண்டு.

வீட்டில் அவளோடு இரண்டு பேர். கணவர் லிப்ட் மெக்கானிக். அவருடைய தங்கை ஒருத்தி, கல்யாணமாகாதவள், பல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். தலையில் பாதி நரைத்த பிறகும் யாருக்கும் அதை மாற்றத் தோன்றவில்லை. ஷேடக்காவுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்து, பிறகு பேசாமலிருந்து பழகி, வருஷங்கள் ஓடிவிட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கணவர் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக ஒன்றுக்குமேல் போட மாட்டார். அன்று அடுக்கிக்கொண்டே போனார்.

"கொஞ்ச நாள் அண்ணன் வீட்ல இருந்துட்டு வரேன்" என்றார்.

"ஏன், அங்க யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "ஒண்ணுமே ஆகல. அதான்."

சுவிட்சை மறக்காமல் அணைத்தார். ஒழுகிக்கொண்டிருந்த குழாயை இறுக்கிப் பார்த்தார். கேஸ் இந்த வாரத்துக்குத் தாங்காது, சொல்லிவை என்றார். பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். அண்ணன் வீடு நாலு தெரு தள்ளித்தான். வெயிலில் நடந்தே போனார்.

கொஞ்ச நாள் என்பது மாதமாயிற்று. இன்னொரு பெண் இருக்கிறாளா என்று அக்கம்பக்கம் துருவிப் பார்த்தது. இல்லை. குடியா என்றால் அதுவும் இல்லை. மனிதர் காலையில் வேலைக்குப் போகிறார், சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குத் திரும்புகிறார், டிவி பார்க்கிறார். அவ்வளவுதான். குற்றம் சொல்ல ஒரு பிடி கிடைக்காமல் சொந்தக்காரர்கள் தவித்துப் போனார்கள்.

பாப்பாதான் குதித்தாள். "அவன் என் அண்ணனே இல்ல, போங்க. வீதியில பாத்தாக்கூடப் பேச மாட்டேன்."

"நீயும் பெரிய அண்ணன் வீட்டுக்குப் போறதுன்னா போ, பாப்பா. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"நான் எதுக்குப் போகணும்? அவன் போனா போறான். எனக்கு இந்த வீட்டு பாத்ரூம்தான் பழக்கம்."

ஷேடக்கா கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சரி, அழுகையாவது வரட்டும் என்று பார்த்தாள். கண் காய்ந்தே கிடந்தது. பல் பிடுங்க ஊசி போட்டுக்கொண்டவர்கள் கிளினிக் வாசலில் உட்கார்ந்து கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்கள் என்று பாப்பா சொல்லியிருக்கிறாள். தொடுகிற விரலுக்குக் கன்னம் தெரியும், கன்னத்துக்கு விரல் தெரியாது. அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சாப்பிட்டாள், குளித்தாள், தூங்கவும் தூங்கினாள். யாராவது கேட்டால் "இருக்கேன்" என்றாள். அதில் பொய் ஒன்றுமில்லை.

பட்டறையில்தான் வித்தியாசம் தெரிந்தது. நிறங்கள் கண்ணுக்குத் தெரிந்தன. இது சிவப்பு, இது நீலம் என்று சொல்ல முடிந்தது. ஆனால் எந்த நிறமும் அவளைப் பார்த்து 'வா' என்று சொல்லவில்லை. முன்பெல்லாம் அலமாரியைத் திறந்தால் நாலு கோன்கள் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வரும். இப்போது எல்லாம் சுவர் மாதிரி நின்றன.

அந்தச் சமயத்தில்தான் பெரிய கம்பெனிகளுக்கு ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜென்ட் அம்மா ஒரு டிசைன் அனுப்பினாள். பெண்களுக்கான மேல்சட்டை, கழுத்துக்குக் கீழே வளைந்த ஒரு கிளை, அதில் பூக்கள், இரண்டு பறவைகள். நிறம் உங்கள் இஷ்டம், புதுசாக ஏதாவது செய்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஷேடக்கா நூல் அலமாரிக்கு முன்னால் ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நல்ல நிறங்களெல்லாம் மேல்தட்டில். அடித்தட்டில் யாரும் சீந்தாத கோன்கள்: ஈரச் சிமென்ட் நிறம், ஆறிப்போன டீ நிறம், எலியின் முதுகு, துவைத்துத் துவைத்து வெளுத்த நீலம், சுவரோரப் பாசி, பழைய பீங்கான் வெள்ளை. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். எழுந்திருக்கத் தோன்றவில்லை. உட்கார்ந்தபடியே கைக்கு எட்டியதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். இலைக்குப் பாசி. பூவுக்கு வெளுத்த நீலம். கிளைக்கு டீ. பறவைக்கு எலி. ஜன்னலுக்குப் போகவில்லை, இழை உருவவில்லை. எந்த ஊசிக்கு எந்த நூல் என்று எண் எழுதி ஆபரேட்டரிடம் நீட்டினாள்.

ஆபரேட்டர் வாயாடி. கோன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான்.

"என்னக்கா, பறவைக்கு ஜுரமா?"

"ஓட்டு."

"ஓட்டுறேன். ஆனா இதுங்க பறக்காது, இப்பவே சொல்லிட்டேன்."

நீளமான மெஷின் அது. ஒரே வரிசையில் பல ஊசித் தலைகள். ஒரு தலை குத்தினால் எல்லாத் தலையும் குத்தும். எலி நிறத்தில் ஒரே பறவை வரிசையாகப் பல துணிகளில் முளைத்தது. முதலாளி அந்தப் பக்கம் வந்தவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மாற்றி ஓட்ட நேரமில்லை. ஏஜென்ட் அம்மாவின் கார் வாசலில் நின்றுவிட்டது.

ஏஜென்ட் அம்மா துணியை வாங்கி ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். கையை நீட்டித் தூரத்தில் பிடித்தாள்.

முதலாளி முந்திக்கொண்டார். "மேடம், அது சும்மா ஒரு ட்ரையல். இவங்க வீட்ல கொஞ்சம் பிரச்சனை. நாளைக்கே மாத்திடலாம்."

"மாத்தினீங்கன்னா ஆர்டர் கிடையாது" என்றாள் ஏஜென்ட் அம்மா. "எல்லாரும் கண்ணைக் குத்துற மாதிரி கொண்டுவராங்க. இது பேசாம உக்காந்திருக்கு. யாரு எடுத்த கலர் இது?"

எல்லோரும் ஷேடக்காவைக் காட்டினார்கள்.

"என்ன நினைச்சுட்டு எடுத்தீங்க?"

"எழுந்திருக்க முடியல" என்றாள் ஷேடக்கா.

ஏஜென்ட் அம்மா சிரித்துவிட்டு, பெரிய கலைஞர்களெல்லாம் இப்படித்தான் மழுப்புவார்கள் என்றாள். அவள் போன பிறகு முதலாளி குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, அடுத்த தடவை கேட்டா வேற எதாவது சொல்லு. விடியக்காலை, பனிமூட்டம், அந்த மாதிரி."

அந்த ஆர்டரைத் தொடர்ந்து இன்னொன்று வந்தது. பிறகு மெத்தை உறை, பிறகு குழந்தைகள் போர்வை. ஷேடக்கா அதே ஸ்டூலில் உட்கார்ந்து அதே அடித்தட்டிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தாள். வருஷக்கணக்காகத் தூசி தின்ற கோன்கள் காலியாயின. அவற்றையே திரும்ப வாங்க வேண்டியதாயிற்று. நூல் கடைக்காரர் போன் பண்ணி, எண்ணைத் தப்பாகச் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

சந்தோஷம் தாங்காமல் முதலாளி அவளுக்கு ஒரு மெத்தை வைத்த நாற்காலி வாங்கிப் போட்டார். ஸ்டூலைவிட அது ஒரு சாண் உயரம். கை இப்போது இரண்டாம் தட்டுக்கு எட்டியது. அங்கே கொஞ்சம் மங்கலான ஊதாவும் ஒரு காய்ந்த செங்கல் நிறமும் இருந்தன. அவை அடுத்த டிசைனில் வந்து உட்கார்ந்தன.

"இதுல ஒரு வளர்ச்சி தெரியுது" என்றாள் ஏஜென்ட் அம்மா.

ஆபரேட்டர் மெஷினுக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். ஷேடக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இது சிரிக்கிற விஷயம் என்று அவளுக்குப் புரிந்தது, அத்தோடு நின்றுவிட்டது. பாராட்டும் அப்படித்தான். வேறு யாருக்கோ வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கிவைப்பதுபோல் வாங்கி வைத்தாள்.

கணவர் நடுவில் ஒருதடவை வந்தார், டூல்ஸ் பையை எடுக்க. பாப்பா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஷேடக்கா டீ போட்டுக் கொடுத்தாள். அவர் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"இன்னும் ஒழுகுதே."

"ஆமா."

"வாஷர் மாத்தணும்."

"ம்."

"நீ நல்லாத்தானே இருக்கே?"

"இருக்கேன்."

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். கதவைத் திறந்து வெளியே வந்த பாப்பா, "என்ன சொன்னான்?" என்றாள். வாஷரைப் பற்றிப் பேசினார் என்றதும் பாப்பா தலையில் அடித்துக்கொண்டாள். "உங்க ரெண்டு பேரையும் ஒரு லிப்ட்ல போட்டுக் கரண்ட்டை நிறுத்தணும் அண்ணி. அப்பவும் நீங்க எத்தனையாவது மாடின்னுதான் பேசிட்டிருப்பீங்க."

அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஓரகத்தி வந்தாள், கணவருடைய அண்ணன் மனைவி. வாயும் வயிறுமாக இல்லாவிட்டாலும் மூச்சு வாங்கிக்கொண்டுதான் எப்போதும் வருவாள். வந்ததும் மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உன் கால்ல வேணாலும் விழறேன். உன் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்துடு" என்றாள்.

"என்னக்கா ஆச்சு? சண்டை போடுறாரா?"

"சண்டை போட்டாத் தேவலையே! மனுஷன் வாயையே திறக்கறதில்ல. என் வீட்டுக்காரர் நாளெல்லாம் கத்துற ஆளு, இவரு பக்கத்துல உக்காந்து உக்காந்து அவரும் ஊமையாயிட்டாரு. நேத்து நான் வேணும்னே சாப்பாட்ல உப்பே போடல. ரெண்டும் ஒரு வார்த்தை சொல்லாம சாப்பிட்டு எழுந்து போகுதுங்க. எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்போல இருக்கு. இருவது வருஷத்துக்கு மேல நீ எப்படித்தான் காலம் தள்ளுனியோ!"

ஷேடக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்கயும் அப்படித்தான் இருக்காரா?"

"அங்கயும்னா? அவரு எங்க இருந்தாலும் அப்படித்தான்."

"அப்போ அது நான் இல்ல" என்றாள் ஷேடக்கா.

ஒன்றுமே ஆகவில்லை என்று அவர் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்து, அந்த 'ஒன்றுமில்லை' தானேதான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. இப்போது ஓரகத்தியின் உப்பில்லாத சாப்பாட்டின் முன்னால் இரண்டு ஆண்கள் வாய் பேசாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்தாள். சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு அடக்க முடியவில்லை. பாப்பா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். சிரிப்பு நின்றபோது அதற்கு அடியில் கோபம் இருந்தது. நல்ல சூடான கோபம். அது கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. போன பிறகு மறுபடியும் பழைய மரத்துப்போன நிலைதான், ஆனால் முன்பைப் போல முழுசாக இல்லை.

திங்கட்கிழமை பட்டறையில் அவள் நாற்காலியை ஒதுக்கிவைத்துவிட்டு, பழைய ஸ்டூலின்மேல் ஏறி மேல்தட்டிலிருந்து எடுத்தாள். மிளகாய்ச் சிவப்பு, தீப்பிடித்த ஆரஞ்சு, கிளிப்பச்சை. ஜன்னலுக்குப் போனாள். இழை உருவினாள். ஒரு ஆரஞ்சை வைத்துவிட்டு இன்னொரு ஆரஞ்சை எடுத்தாள். ஆபரேட்டர் ஒன்றும் கேலி செய்யவில்லை. "ரொம்ப நாளாச்சுக்கா உங்களை மேல பாத்து" என்று மட்டும் சொன்னான்.

ஏஜென்ட் அம்மா அந்தத் துணியைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"என்னாச்சு உங்களுக்கு? இதுல அந்த அமைதி இல்லையே. இந்த மாதிரி எங்க வேணாலும் கிடைக்குமே."

முதலாளிக்கு வியர்த்தது. அவள் போனதும் நாற்காலியைத் தானே இழுத்து அலமாரிக்கு முன்னால் போட்டார். "உக்காரும்மா. நீ எழுந்திருக்கவே வேணாம். என்ன வேணுமோ சொல்லு, டீயா, காப்பியா? பழைய மாதிரியே போடு. வீட்ல ஏதாவது நல்லது நடந்துடுச்சா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லங்க."

"அப்பாடா" என்றார் முதலாளி. சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. காதைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஷேடக்கா உட்கார்ந்தாள். எலி, டீ, பாசி, செங்கல். கை தானாகப் போயிற்று, ஆனால் இந்தத் தடவை அவள் பார்த்துத்தான் எடுத்தாள். பாசிக்கு மூன்று அடுக்கு வேண்டும், நடுவிலிருந்து தொடங்கு. டீயின் பக்கத்தில் எலியை வைத்தால் இரண்டும் செத்துவிடும், நடுவில் கொஞ்சம் பீங்கான் வெள்ளை விடு. அசமந்தமாக எடுத்தபோது எப்படி எப்படியெல்லாம் அமைந்ததோ, அதையெல்லாம் இப்போது யோசித்துச் செய்தாள். துணி இறங்கியது. ஏஜென்ட் அம்மா தூரத்தில் பிடித்துப் பார்த்துத் தலையசைத்தாள். "இதான். இதான் நீங்க."

ஏஜென்ட் அம்மாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை. மரத்துப்போன மனசு எடுத்ததும், மரத்துப்போனதைப் போல எடுத்ததும் அவள் கண்ணுக்கு ஒன்றாகவே இருந்தது. ஷேடக்காவுக்கு இது வருத்தமாகவும் இல்லை, பெருமையாகவும் இல்லை. வேலை என்று நினைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அது வேலைதான். ஏஜென்ட் அம்மாவுக்கு உட்கார்ந்து எடுப்பாள். உள்ளூர்க் கடைகளுக்கு ஸ்டூலில் ஏறி எடுப்பாள். ஏறும்போது முதலாளி பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பையோடு வந்தார். ஓரகத்திதான் அனுப்பியிருக்க வேண்டும். சட்டைகளை அவள்தான் அப்படி மடிப்பாள்.

"வந்துட்டேன்" என்றார்.

ஷேடக்கா நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்கார்ந்தார். பையை மடியிலேயே வைத்திருந்தார்.

"இதை உள்ள வைக்கட்டுமா?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், தன்னிடமிருந்து ஏதாவது வருமா என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

"வேணாங்க. நீங்க போனப்ப எனக்கு ஒண்ணும் தோணல. இப்ப வந்திருக்கீங்க, இப்பவும் ஒண்ணும் தோணல. ஏதாவது தோணுச்சுன்னா பாப்பாகிட்ட சொல்லி அனுப்புறேன்."

"சரி" என்றார் அவர். பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "எனக்கு எப்பவுமே அப்படித்தான்" என்றார். அவர் தன் மனசைப் பற்றி அவளிடம் சொன்ன மிக நீளமான வாக்கியம் அதுதான். பிறகு எழுந்து போனார். லிப்ட் கம்பெனிக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டார் என்று பின்னால் தெரிந்தது. ஓரகத்தி நிம்மதியாகி இரண்டு கிலோ ஆப்பிள் வாங்கி அனுப்பினாள்.

அடுத்த வாரம் குளியலறை வாளியின் அடி விண்டுவிட்டது. ஷேடக்காவும் பாப்பாவும் கடைக்குப் போனார்கள். வாசல் முழுக்க வாளிகள், ஒன்றுக்குள் ஒன்றாக ஆள் உயரத்துக்கு நின்றன.

"இந்த நீலம் எடுத்துக்கலாமா அண்ணி?" என்றாள் பாப்பா. அண்ணி "உன் இஷ்டம்" என்பாள் என்று நினைத்து, காசு எடுக்கக் கையைப் பைக்குள் விட்டுவிட்டாள்.

"அது வேணாம். பாத்தா குளிரும்."

"அப்ப பச்சை?"

"ம்ஹூம்."

"சிவப்பு இருக்கு, ரோஸ் இருக்கு. சீக்கிரம் சொல்லுங்க, வெயில் கொளுத்துது."

ஷேடக்கா அடுக்கின் நடுவிலிருந்து ஒரு மஞ்சள் வாளியை உருவச் சொன்னாள். கடைக்காரர் முனகிக்கொண்டே மேலே இருந்த எல்லாவற்றையும் இறக்கினார். அதை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்குப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வாங்கினாள். வீட்டுக்கு வந்து தண்ணீர் பிடித்ததும் பிடிக்காமல் போய்விட்டது; தண்ணீர் அழுக்காக இருப்பதுபோல் தெரிந்தது.

"மாத்திட்டு வரட்டுமா?" என்றாள் பாப்பா.

"இருக்கட்டும், விடு" என்று சொல்லிவிட்டு ஷேடக்கா கதவைச் சாத்திக் குளிக்கப் போனாள்.